இடது நெற்றிப்பொட்டில் ஒரு வளையம்

அம்மாவின் கை வளர்ந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் வளையல்காரர்தான். பொங்கலுக்கு முன்னால் எங்கள் ஊருக்கு வருவது அவருக்கு வழக்கம். பெண்களின் கையைத் தொட்டாலே அளவு சொல்லிவிடுவார். அம்மாவுக்கு வருஷா வருஷம் ஒரே அளவு. அந்த வருஷமும் அதையே எடுத்து, சோப்புத் தண்ணீர் தொட்டு, அம்மாவின் விரல்களைக் குவித்துப் பிடித்துத் தள்ளினார். வளையல் கட்டைவிரல் முட்டியைத் தாண்டவில்லை, உடைந்தது. அடுத்த அளவும் உடைந்தது.

“என்னங்கம்மிணி, கை இப்பிடி ஆம்பளக் கையாட்டம் ஆயிப்போச்சு,” என்றார் அவர். “ஏரு ஓட்டறது நீங்களா, அவுங்களா?”

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சிரித்தபோது அவளுடைய கீழ்ப்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருந்ததை நான் பார்த்தேன். அரிசி போல நெருங்கி நின்ற பற்கள் அவை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சேலத்தில் தங்கி ஆசிரியைப் பயிற்சி முடித்து, ராசிபுரத்தில் பெண்பிள்ளைகளின் பள்ளியில் வேலை பார்த்து வந்தேன். விடுமுறைக்குத்தான் ஊருக்கு வருவேன். அதனால் மற்றவர்கள் கண்ணில் படாதது என் கண்ணில் பட்டது. கூடவே இருப்பவர்களுக்கு அம்மாவின் முகம் நேற்றிருந்த முகம்தான். எனக்கோ ஒவ்வொரு விடுமுறைக்கும் மூக்கு கொஞ்சம் தடித்திருந்தது. தாடை கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. குரல் கட்டையாகிக்கொண்டே போனது. அம்மாவைப் போட்டோ எடுத்ததே கிடையாது. பழைய முகத்துக்கு என் ஞாபகம் ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியையும் நான் சில நேரம் நம்பாமல் இருந்தேன். நம்பினால் பயமாக இருந்தது.

அந்தப் பொங்கலுக்கு இன்னொன்றும் தெரிந்தது. சோறு போடும்போது அம்மா தட்டுக்கு வெளியே போட்டாள். வாசற்படியைக் கடக்கும்போது தோளை நிலையில் இடித்துக்கொண்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என்னை, “புள்ள எங்க போயிட்டா?” என்று தேடினாள்.

“இங்கதான இருக்கறேன்,” என்றேன்.

அவள் உடம்பையே திருப்பி என்னைப் பார்த்தாள். “ஆமா, இருக்கற. சொல்லிப்போட்டு உக்காந்தா என்ன?”

எங்களோடு அத்தையும் இருந்தாள். அப்பாவை நாங்கள் ஐயன் என்போம். அத்தை ஐயனின் அக்கா, சிறு வயதிலேயே புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவள். அம்மாவுக்கும் அவளுக்கும் நாள் முழுக்கச் சண்டை. ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி சாப்பிட மாட்டாள். நான் வாசலில் கால் வைத்ததுமே, “டீச்சரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க,” என்று மாட்டைப் பார்த்துச் சொல்வாள்.

அம்மாவுக்கு ரொம்ப நாளாக இடது பக்கத் தலைவலி. அதற்கு அத்தைதான் வைத்தியம். எங்கள் பக்கத்தில் தலைவலிக்குச் சும்மா பற்றுப் போட மாட்டார்கள். வலிக்கிற இடத்தைச் சுற்றி மருந்தால் வளையம் இழுப்பார்கள். அதற்கு ‘வலியைக் கட்டுவது’ என்று பெயர். வளையத்தின் நடுவில் மருந்து படக்கூடாது. பட்டால் வலி வெளியே ஓடி வேறு இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். ராசிபுரத்து வைத்தியர் ஒருவர் கொடுத்த சிவப்புத் தூளை விளக்கெண்ணெயில் குழைத்து, அத்தை சுண்டுவிரலால் அம்மாவின் நெற்றிப்பொட்டில், காதுக்கு முன்னால் மயிர் தொடங்கும் இடத்தில், வளையம் இழுப்பாள். காய்ந்தால் அது ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

நான் அதை நிறுத்தச் சொன்னேன். பள்ளியில் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள் நான். என் வீட்டிலேயே இந்த அழுக்கா என்று கேட்டேன். அத்தை கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டாள். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சேலத்துக்கு மேட்டூர் மின்சாரம் வந்த பிறகு, ஒரு டாக்டர் தம் வீட்டின் முன்கட்டிலேயே எக்ஸ்ரே மிஷின் வைத்திருந்தார். சென்னையில் படித்து, சீமைக்கும் போய்ப் படித்து வந்தவர். என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் அவரைப் பற்றிச் சொன்னார். ஐயன் முதலில் மறுத்தார். “கைகால் பெருத்தா வைத்தியமா? தின்னுட்டுப் பெருத்திருப்பா,” என்றார். அன்றே அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனபோது, பக்கவாட்டில் வந்த வண்டி மாடு அவளை முட்டித் தள்ளியது. அது வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு ஐயன் மறுக்கவில்லை.

நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில் சேலம் போனோம். அன்று காலை நான் ராசிபுரத்திலிருந்து வந்தபோதே அம்மாவின் தலைமுடி நன்றாக எண்ணெய் தடவி, காதை மூடி வாரப்பட்டிருந்தது. டாக்டருக்காக அழகாக வாரியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்த உடனேயே அவருக்கு என்னவோ தெரிந்துவிட்டது. நான் அதைப் பார்த்தேன். அவளுடைய கையைத் தம் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அப்புறம் ஒரு கண்ணை மூடச் சொல்லி, விரலைப் பக்கவாட்டில் நீட்டி, “எத்தனை?” என்றார்.

அம்மா தலையைத் திருப்பிப் பார்த்து, “ரெண்டுங்க,” என்றாள்.

“தலையைத் திருப்பக் கூடாதம்மா.”

“திருப்பாம எப்பிடிங்க சாமி பாக்கறது?”

டாக்டர் சிரிக்கவில்லை. இரண்டு கண்ணுக்கும் வெளிப்பக்கப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று என்னிடம் சொன்னார். குதிரைக்குக் கண்ணின் இரு பக்கமும் மறைப்புக் கட்டியது போல என்றார். தலையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

படத்துக்கு முன்னால் தலையில் இருக்கும் உலோகத்தை எல்லாம் எடுக்க வேண்டுமாம். தோடு வந்துவிட்டது. மூக்குத்தி வரவில்லை. மூக்கு தடித்ததில் அதன் திருகு சதைக்குள் புதைந்திருந்தது. அம்மாவின் வலப் பக்கம் நின்று நான் எண்ணெய் விட்டுத் திருகினேன். இடப் பக்கம் அத்தை தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கை தாலியைப் பொத்திக்கொண்டது. “அது கழுத்துக்குக் கீழேதான் இருக்கிறது, இருக்கட்டும்,” என்றார் டாக்டர்.

அந்த அறையில் மேஜை மேல் ஒரு ஜோடிக் கையுறை கிடந்தது. ஓரமாக வைக்கலாம் என்று எடுத்தேன். அம்மிக்குழவி மாதிரி கனத்தது.

“அதில் ஈயம் இருக்கிறது,” என்றார் டாக்டர். “இந்தக் கதிர் சதைக்குள் புகுந்து போய்விடும், எலும்புக்குள்ளும் கொஞ்சம் போகும். ஈயத்தைத் தாண்டாது. தினமும் இதற்கு முன்னால் நிற்கிற எங்களுக்கு அதுதான் காப்பு.”

எனக்குப் புரியும் என்று நினைத்துச் சொன்னாரே என்று எனக்குள் ஒரு கர்வம் எழுந்தது. அம்மா படுத்திருக்கும்போதும் எழுந்தது.

பக்கவாட்டில் ஒரு படமும் நேராக ஒரு படமும் எடுத்தார்கள். நேராக எடுக்கும்போது மிஷின் போட்ட சத்தத்தில் அம்மா பயந்து அசைந்துவிட்டாள். அந்தப் படம் கலங்கிப் போனது; பக்கவாட்டுப் படமே போதும் என்று விட்டுவிட்டார்கள். பக்கவாட்டுப் படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அம்மாவை எடுத்த முதல் படம் அதுதான். அதில் மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. பெரிய தாடை மட்டும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

மண்டைக்கு நடுவில் ஒரு குழியைக் காட்டினார். குதிரைச் சேணம் போல இருக்கும் அந்தக் குழியில் கடலைப் பருப்பு அளவில் ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்குமாம். உடம்பு வளர்வதும் நிற்பதும் அதன் கையில். அதில் கட்டி வந்தால் வளர வேண்டாத வயதிலும் கையும் காலும் முகமும் வளரும். கட்டி பெருத்து மேலே முட்டினால், அதன் மேல் போகும் கண் நரம்பு நசுங்கும். அம்மாவின் சேணம் சேணமாக இல்லை. கிண்ணம் போல அகண்டு கிடந்தது.

“இது கட்டிதான். சந்தேகமே இல்லை,” என்றவர் பேச்சை நிறுத்திவிட்டார். படத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அந்தக் கிண்ணத்தின் பின்னோரத்தை ஒட்டி, வெட்டிப் போட்ட நகம் போல மெல்லிய வெள்ளை வளைவு ஒன்று இருந்தது. நானும் பார்த்தேன். எலும்பை விட வெண்மையாக இருந்தது.

அவர் எங்களை உட்காரச் சொன்னார். அம்மாவை அத்தையோடு வெளியே அனுப்பினார். சேணத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டு போகிற பெரிய குழாய் ஒவ்வொன்று ஓடுகிறது என்றார். கட்டி பெருத்தால் அவற்றையும் அணைத்துக்கொள்ளும். சாதாரணமாக இரத்தக் குழாய் படத்தில் தெரியாது. அதன் சுவர் நோய்ப்பட்டு, பை போல வீங்கி, சுண்ணாம்பு பிடித்தால்தான் இப்படி வளைவாகத் தெரியும். “கட்டி மட்டும் என்றால் சென்னைக்கு அனுப்பியிருப்பேன். ஆழக் கதிர் வைத்துக் கட்டியைச் சுருக்கப் பார்க்கிறார்கள், கண்ணைக் காப்பாற்றலாம். குழாயும் இப்படி இருக்கும்போது அனுப்ப முடியாது. அங்கேயும் தொட மாட்டார்கள். கத்தியை நினைக்கவே வேண்டாம்.”

ஐயன் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். “அப்ப என்னங்க பண்றது?”

“பாரம் தூக்கக் கூடாது. குனியக் கூடாது. முக்கக் கூடாது. கோபம், இருமல், தும்மல் எதுவும் அதிகமாகக் கூடாது. குழாய் வெடித்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது.”

“எப்பங்க வெடிக்கும்?”

“நாளைக்கும் வெடிக்கலாம். பத்து வருஷம் அப்படியே இருந்தாலும் இருக்கும்.”

திரும்பி வரும் பஸ் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் நான் அம்மாவின் தலையை என் தோளோடு பிடித்துக்கொண்டேன். “உடு புள்ள, வேர்க்குது,” என்றாள் அம்மா.

நான் பள்ளிக்கு விடுப்புச் சொல்லி வீட்டிலேயே தங்கினேன். அதுவரை பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்றே சொல்ல வேண்டும். பரீட்சைக்குப் பயந்திருக்கிறேன், பாம்புக்குப் பயந்திருக்கிறேன். அவை வரும், போகும். இது வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. அம்மா கோலம் போடக் குனிந்தால் மாவுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். குடத்தைத் தொட்டால் ஓடிப் போய்ப் பிடுங்கினேன். அவள் கழுத்தில் துடிக்கும் நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது துடிப்பதும் பயம். நின்றுவிடுமோ என்பதும் பயம். தூங்கும்போது அவள் விடும் குறட்டை ஒரு நிமிஷம் நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அது மறுபடி தொடங்கும்வரை என் மூச்சும் வராது.

ஒரு நாள் அத்தை மிளகாய் வறுத்தாள். நெடி கூடத்துக்கு வந்தது. அம்மா மூக்கைச் சுளித்து, முகத்தைத் தூக்கி, தும்மலுக்கு வாய் திறந்தாள். நான் பாய்ந்து போய் அடுப்பிலிருந்த வாணலியில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டினேன். நெடி முன்னைவிடப் பல மடங்கு கிளம்பியது. அம்மா தும்மினாள். அடுக்கடுக்காகத் தும்மினாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இதோ, இதோ என்று நின்றேன்.

தும்மி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மொளகாயெல்லாம் பாழாப் போச்சு,” என்றாள் அம்மா.

“படிச்ச புள்ள சமைக்கறா, கண்ணு நெறஞ்சு போச்சு,” என்றாள் அத்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு.

அம்மாவிடம் யாரும் முழுதும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஒருத்தியிடமிருந்து குடம், துடைப்பம், உலக்கை எல்லாவற்றையும் பிடுங்கினால் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு மாலை அவள் ஐயனிடம் கேட்டாள். “ஏனுங்க, என்னையக் கண்ணாடி வளையலாட்டம் தூக்கித் தூக்கி வெக்கிறீங்களே, எப்ப ஒடைவேன்னு டாக்டரு சொன்னாரு?”

ஐயன் எழுந்து மாட்டுக்குத் தீனி போடப் போய்விட்டார். தீனி அப்போதுதான் போட்டிருந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை குளிப்பாட்டினேன். அவளைக் குனியவிடாமல் நிமிர்த்தி உட்கார வைத்து, அரப்புத் தூளைக் கரைத்து, முடியைப் பகுத்துப் பகுத்துத் தேய்த்தேன். விரலை அழுத்தக்கூடப் பயம். இடது நெற்றிப்பொட்டில், மயிருக்குள், என் விரலில் என்னவோ சொரசொரத்தது. தண்ணீரை விட்டுப் பார்த்தேன். சிவப்பு ஓடு. முகத்துப் பக்கம் துடைத்திருந்தது. மயிருக்குள் இருந்த பாதி மட்டும் அப்படியே இருந்தது. வெட்டிப் போட்ட நகம் போல வளைந்து.

என் கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. அம்மா திடுக்கிட்டாள். அவள் திடுக்கிட்டதற்கும் சேர்த்து எனக்குப் பயம் வந்தது.

“இது எப்பப் போட்டது?” என்றேன்.

அத்தைதான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னாள். “நேத்துத்தான். ஏன், இப்ப அதுக்குங் கச்சேரி வெக்கப் போறயா?”

“சேலம் போனமே, அன்னிக்கும் போட்டிருந்தீங்களா?”

“போடாம? ராத்திரியெல்லாம் துடிச்சா. விடியக்காலைல கட்டி உட்டேன். நீ பாத்தா வெய்வீன்னு மூஞ்சிப் பக்கம் தொடச்சுப்போட்டு, மேல மயிரச் சீவி உட்டேன். அதனால என்ன கொறஞ்சு போச்சு?”

“அந்தத் தூளு எதுல பண்ணுனது அத்தை?”

“ஈயத்தச் சுட்டுச் செந்தூரம் பண்ணறாரு அந்த வைத்தியரு. ஈயக்கட்டிய நானே வாங்கிக் குடுத்திருக்கறேன்.”

ஈயத்தைத் தாண்டாது என்று டாக்டர் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. கதிர் தாண்டாத இடம் படத்தில் வெள்ளையாக விழும். அந்தக் கையுறையின் கனமே கையில் மறுபடி வந்தது போலிருந்தது. ஈர முடியைப் பிடித்தபடி, படத்தில் அந்த வளைவு இருந்த இடத்தை மனதில் அம்மாவின் தலைமேல் வைத்துப் பார்த்தேன். காதுக்கு முன்னால், கொஞ்சம் மேலே. பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் தோல்மேல் இருப்பதும் மண்டைக்கு நடுவில் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாகத்தானே விழும்? சுவரில் விழும் நிழலில் முன்னால் நிற்பவன் யார், பின்னால் நிற்பவன் யார் என்று எப்படிச் சொல்வது?

சந்தோஷம் வரவில்லை. வந்தது இன்னொரு பயம். இது என் நினைப்புத்தான். டாக்டர் சீமையில் படித்தவர். நான் குழந்தைகளுக்குச் சுகாதாரப் பாடம் சொல்கிறவள். மறுபடி படம் எடுத்தால்தான் தெரியும். எடுக்க வேண்டுமானால் அம்மாவைச் சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். என் நினைப்புத் தப்பாக இருந்தால், வழியில் ஒரு குலுக்கலில் அவளைக் கொன்றவள் நான்.

ஐயனிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம், “நீ சொல்றது நெசமா இருக்குமா?” என்றார்.

“தெரியலீங்க ஐயா.”

எனக்குத் தெரியாது என்று நான் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என் முகத்தைப் பார்த்தார். “தெரியும்னு சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்,” என்றார். “வண்டி கட்டலாம். பஸ்ஸு வேண்டாம்.”

வண்டியில் வைக்கோலை இடுப்பளவு பரப்பி, அதன்மேல் மெத்தை போட்டு, அம்மாவைப் படுக்க வைத்தோம். ஐயன் வண்டியில் ஏறவே இல்லை. மாட்டின் மூக்கணாங்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளம் கண்ட இடமெல்லாம் சக்கரத்தைத் தோளால் தாங்கி இறக்கி, சேலம்வரை நடந்தே வந்தார். நான் அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தேன். அத்தை எதிரில் உட்கார்ந்து வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சாமிக்கு வேண்டுதலா, என்மேல் வசவா என்று நான் கேட்கவில்லை. மல்லூருக்கு அப்பால் ஒரு லாரி எதிரே வந்து ஹாரன் அடித்தது. மாடு மிரண்டு வண்டியை ஓரத்துக்கு இழுத்தது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, நின்று, மறுபடி நிமிர்ந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

“அம்மா?”

“என்னடி?”

“ஒன்னுமில்ல.”

“ஒன்னுமில்லாததுக்கா என்ர மயிரப் புடிச்சு இழுக்கற?”

டாக்டர் எங்களைக் கண்டதும் கோபப்பட்டார். இவ்வளவு தூரம் ஏன் கூட்டி வந்தீர்கள் என்று ஐயனிடம் கேட்டார். நான் நடுவில் புகுந்தேன். வளையத்தையும் செந்தூரத்தையும் அது ஈயம் என்பதையும் சொன்னேன். அத்தை கொண்டுவந்திருந்த கிண்ணத்தை அவர் முன் நீட்டினேன். அவர் தூளை விரலில் தேய்த்துப் பார்த்தார். அம்மாவின் மயிரை விலக்கிப் பார்த்தார். நான் அந்த வளையத்தைக் கழுவாமல் விட்டிருந்தேன். அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று.

“இதை யார் போட்டது?”

“நாந்தானுங்க,” என்றாள் அத்தை. “தூக்குல போடறதுன்னா என்னையப் போடுங்க.”

அவரே ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துத் துடைத்தார். சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். மறுபடி பக்கவாட்டில் படம் எடுத்தார். நேர்ப் படத்துக்கு அம்மாவின் தலையை நான் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அந்தக் கையுறையை எனக்குப் போட்டுவிட்டார். இந்த முறை அம்மா அசையவில்லை.

பிறகு அவர் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே தண்ணீர் சளசளக்கும் சத்தம் கேட்டது. ஐயன் நின்றுகொண்டே இருந்தார். அம்மா தலையைச் சுவரில் சாய்த்துத் தூங்கிவிட்டாள். அவளுடைய பெரிய கை என் மடியில் கிடந்தது. இந்தக் கதவு திறக்காமலே இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. திறக்காத வரைக்கும் இரண்டும் உண்மைதான்.

டாக்டர் ஈரப் படத்தைக் கவ்வியில் தொங்கவிட்டபடி வந்தார். தண்ணீர் சொட்டியது. கிண்ணம் இருந்தது. கிண்ணத்தின் பின்னால் ஒன்றும் இல்லை. வெறும் சாம்பல் நிறம்.

ஐயனுக்குப் படம் பார்க்கத் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் மட்டும் சந்தோஷப்படவில்லை. நியாயமான மனிதர். “நான் தப்பாகப் படித்துவிட்டேன்,” என்று முதலில் சொன்னார். அப்புறம் சொன்னதுதான் இன்றுவரை என்னை விடாமல் இருக்கிறது. “வளைவு இல்லை என்பதால் குழாய் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இரத்தக் குழாய் இந்தப் படத்தில் தெரியாது. கட்டி அதைத் தொட்டிருக்கிறதா, சுற்றியிருக்கிறதா, யாருக்கும் தெரியாது. கெட்டது என்று சொல்ல இருந்த ஆதாரம் போய்விட்டது. அவ்வளவுதான். ஆனால் சென்னைக்கு அனுப்ப அது போதும்.”

சென்னைக்கு நானும் ஐயனும் அம்மாவோடு போனோம். அங்கே ஆழக் கதிர் கொடுக்கும் டாக்டர், கதிர் எங்கே நுழைய வேண்டும் என்று அளந்து பார்த்து, அம்மாவின் இரண்டு நெற்றிப்பொட்டிலும் ஊதா மையால் ஒவ்வொரு வட்டம் போட்டார். சிகிச்சை முடியும்வரை அதை அழிக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். அம்மா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வாரக்கணக்கில் அங்கே தங்கினோம். அம்மாவுக்கு வாந்தி வந்தது. சோறு இறங்கவில்லை. அந்த வட்டங்களுக்குள் இருந்த முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. ஒவ்வொரு தடவையும் அவளை அந்த அறைக்குள் படுக்கவைத்து, ஈயம் அடித்த கதவைச் சாத்தும்போது, கண்ணுக்குத் தெரியாத குழாய் ஒன்றின் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கதிர் போகிறதே என்று நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் அத்தை அம்மாவின் முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். மை பாதி அழிந்து, அந்த இடம் வட்டமாக வழுக்கையாகிக் கிடந்தது.

“நாங் கட்டுன அதே எடம்,” என்றாள். “நாங் கட்டுனா அழுக்கு. பட்டணத்துக்காரன் கட்டுனா வைத்தியமா? ஏனுங்க டீச்சரம்மா, இதுக்குப் பாடம் இருக்குதுங்களா?”

நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள்.

தலைவலி குறைந்தது. கை சுருங்கவில்லை; இனிச் சுருங்காது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அம்மா இப்போது கண்ணாடி வளையல் போடுவதில்லை. கண்ணைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பார்வை திரும்பலாம், நின்ற இடத்திலேயே நிற்கலாம், போகவும் போகலாம். அதனால் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான் அவளுக்குப் பரீட்சை வைத்தேன். முதலில் அவள் வேண்டுமென்றே பொய் சொன்னாள். நான் பக்கத்தில் விரலைக் காட்டி “எத்தனை?” என்றால், யோசிக்காமல் “ரெண்டு” என்பாள். பெரும்பாலும் எல்லாரும் இரண்டு விரல்தான் காட்டுவார்கள் என்று கண்டுவைத்திருந்தாள்.

போன தடவை அவள் அடுப்பின் முன்னால் களி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் அவள் வலப் பக்கம் போய் நின்று, ஒரு விரலும் நீட்டாமல் மூடிய கையைப் பக்கவாட்டில் காட்டி, “எத்தனை?” என்றேன்.

அம்மா களியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தலையைத் திருப்பவில்லை. “வெறுங் கைய மூடிக் காட்டி என்னையச் சோதிக்கறயா? போயித் தட்ட எடுத்து வெய்யி,” என்றாள்.

அவளைச் சுற்றிக்கொண்டு இடப் பக்கம் போனேன். அங்கேயும் கையை நீட்டினேன். இந்த முறை விரல்களை விரித்து வைத்தேன், ஆட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை, அவளாகச் சொல்லட்டும் என்று நின்றேன்.

அம்மா களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். புகை அவள் முகத்தில் அடித்தது. என் கை அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளி, அப்படியே இருந்தது.

“ஏம்புள்ள, போயிட்டயா?” என்றாள், வலப் பக்கம் பார்த்து.

நான் கையை இறக்கிக்கொண்டு, சத்தம் போடாமல் திரும்ப அவளுடைய வலப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். “இங்கதான் இருக்கறேன்,” என்றேன். அம்மாவோடு எங்கே போனாலும் இப்போது நான் அந்தப் பக்கமாகவே நடக்கிறேன்.